காதுக்கு எட்டாத எழுத்துகள்: பொது இட ஆங்கிலத்தில் பிழைகள் எங்கே, ஏன் வருகின்றன

நோட்டு, பேனா விற்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில், 'ஆர்' எழுத்துக்கு முன்னால் 'இ' வர வேண்டும். பல பலகைகளில் அந்த இடத்தில் 'ஏ' உட்கார்ந்திருக்கும். 'ஏ' போட்டால் 'நகராமல் நிற்கிற' என்று அர்த்தம் மாறிவிடும். மாவு மில்லில் 'ஃப்ளவர் மில்' என்று பூவுக்குரிய எழுத்துகள். டயருக்கு ஒட்டுப் போடும் கடையில் 'பஞ்சர்' என்பது குத்துகிறவரைக் குறிக்கும் எழுத்துகளில். இவற்றைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுச் சிரிப்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் இந்தப் பிழைகள் கண்டபடி வருபவை இல்லை. சென்னையில் எந்தச் சொல்லில் பிழை வருகிறதோ, பெரும்பாலும் அதே சொல்லில், அதே எழுத்தில்தான் லண்டன்காரரும் நியூயார்க்காரரும் தடுமாறுகிறார்கள். காது எந்த இடத்தில் உதவி செய்யவில்லையோ அங்கேதான் கை தவறுகிறது.

தமிழில் எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் காதை நம்பியே நடக்கிறது. ல, ழ, ள குழப்பமும் ர, ற குழப்பமும் ஏன் வருகின்றன? நம் பேச்சில் அந்த வேறுபாடுகள் மங்கிவிட்டன, அதனால்தான். மற்றபடி, ஒலி தெரிந்தால் எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி பாதி நேரம் கிடைக்காது.

நாம் தினமும் சொல்லும் சொற்களிலேயே பார்க்கலாம். காலண்டர், பேப்பர், டாக்டர், கலர், சென்டர், பஞ்சர். ஆறும் நம் வாயில் 'அர்' என்றே முடிகின்றன. ஆங்கிலத்தில் காலண்டருக்கு 'ஏ, ஆர்'. பேப்பருக்கு 'இ, ஆர்'. டாக்டருக்கு 'ஓ, ஆர்'. கலருக்குப் பிரிட்டிஷ் முறைப்படி 'ஓ, யு, ஆர்'. சென்டருக்கு 'ஆர், இ'. பஞ்சருக்கு 'யு, ஆர், இ'. ஒரே ஒலிக்கு ஆறு முடிவு. இதில் கலரையும் சென்டரையும் அமெரிக்கர்கள் வேறு மாதிரி எழுதுகிறார்கள். அதற்கு நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி ஒரு முக்கியக் காரணம். எந்தச் சொல்லுக்கு எந்த முடிவு என்பதைக் கண்ணால் பார்த்து மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமே தெரியும். பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் ஆங்கிலம் படித்துவிட்டுக் கடை திறந்தவர் 'அர்' என்ற ஒலிக்குத் தனக்குத் தெரிந்த முடிவைப் போடுகிறார். அவர் ஒலியைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். அகராதிதான் வேறு எழுத்தைக் கேட்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு நிலைமை இன்னும் சிக்கல். அவர்கள் பேச்சில் அழுத்தம் விழாத அசைகளில் உயிரொலிகள் எல்லாம் மங்கி ஒரே முனகலாகிவிடும். 'செப்பரேட்' என்பதன் நடுவில் 'ஏ'யா 'இ'யா, 'டெஃபினிட்' என்பதில் 'ஐ'யா 'ஏ'யா என்பது அவர்கள் காதுக்கும் எட்டாது. அங்கே படித்தவர்கள்கூட அதிகம் தப்பாக எழுதும் சொற்களில் இவை இரண்டும் தவறாமல் இடம்பெறும்.

இரட்டை எழுத்து இன்னொரு கண்ணி. தமிழில் ஒற்று இரட்டித்தால் காதில் கேட்கும். படம், பட்டம் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து இரட்டை ஒலி தராது. முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டுவதற்காகச் சில இடங்களில் அது வரும். லத்தீன் முன்னொட்டுகள் ஒட்டிக்கொண்டதால் சில இடங்களில் தங்கிவிட்டிருக்கும். லாட்ஜ் பலகைகளில் வரும் 'அக்காமடேஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு 'சி', இரண்டு 'எம்'. லத்தீனில் இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்துச் சேர்ந்ததால் வந்த இரட்டிப்பு அது. உலகம் முழுக்க விடுதிப் பலகைகளில் ஒரு 'எம்' காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சரி, ஆங்கிலம் ஏன் இப்படி ஆனது? வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல உறைய ஆரம்பித்தது. ஆனால் உச்சரிப்பு உறையவில்லை. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறின. 'நைட்' என்ற சொல்லில் இன்று ஊமையாக நிற்கும் 'ஜி, ஹெச்' ஒரு காலத்தில் வாயால் உச்சரிக்கப்பட்டவை. ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் பெரும்பகுதி, பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் பேசிய விதத்தின் பதிவு.

இதற்கு மேல் படித்தவர்கள் செய்த வேலையும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பாம்பே'யின் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தில் அந்த எழுத்து இருந்ததைக் காட்டுவதற்காக அறிஞர்கள் பின்னாளில் நுழைத்தார்கள். 'ரசீது'க்கான 'ரிசீட்' என்ற சொல்லில் ஊமையாக நிற்கும் 'பேப்பர்' பி-யும் இதே வகைதான். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' கதை இன்னும் சுவாரஸ்யம். அது பழைய ஆங்கிலச் சொல். 'எஸ்'ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்து 'எஸ்'ஸைச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தவறே இன்று விதி. அதை விட்டுவிட்டு எழுதும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் போய்விடுகிறது.

'ஃப்ளவர் மில்' பலகையை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மாவும் பூவும் ஆங்கிலத்தில் முதலில் ஒரே சொல். அரைத்ததில் மிகச் சிறந்த பகுதி, அதாவது தானியத்தின் 'மலர்', என்ற பொருளில்தான் மாவுக்கு அந்தப் பெயர் வந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதிகூட இரண்டையும் தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கவில்லை. ஸ்டேஷனரி விஷயமும் இப்படித்தான். இடைக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரைத்தான் 'ஸ்டேஷனர்' என்றார்கள். 'நகராமல் நிற்கிற' என்ற சொல்லும் எழுதுபொருளுக்கான சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பிறகு இரண்டையும் வேறுபடுத்த ஓர் எழுத்தை மாற்றி வைத்தார்கள். அந்த ஓர் எழுத்தில்தான் உலகமே தடுக்கி விழுகிறது.

காதால் கேட்டு எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே வலுவான சான்று இருக்கிறது. திருவல்லிக்கேணியை ஆங்கிலேயர்கள் காதில் விழுந்தபடி எழுதி 'ட்ரிப்ளிகேன்' ஆக்கினார்கள். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனது. எழும்பூர் 'எக்மோர்' ஆனது. பஞ்சர் கடைக்காரர் எந்த முறையில் எழுதினாரோ, அதே முறைதான் இது. அந்நியச் சொல்லைத் தன் காதுக்குப் பிடிபட்டபடி, தனக்குத் தெரிந்த எழுத்துகளில் எழுதுவது. ஒன்று அரசு ஆவணங்களிலும் ரயில்வே பலகைகளிலும் தலைமுறை தலைமுறையாக நின்றது. இன்னொன்று கேலிப் படமாகிறது. அதிகாரத்தில் இருப்பவர் செய்தால் பெயர், இல்லாதவர் செய்தால் பிழை. இந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டபோது இந்தச் சிக்கலின் மறுபக்கம் தெரிந்தது. கோயம்புத்தூரில் 'த்தூ' என்பதைக் காட்ட 'டி, ஹெச்' இருமுறை, பிறகு 'ஓ' இருமுறை என்று எழுத்துகள் நீண்டுகொண்டே போயின. வேலூருக்குக் கொடுத்த புதிய எழுத்துகளை ஆங்கிலம் தெரிந்தவர் படித்தால் 'வீலூர்' என்றே வாசிப்பார். 'இ'யை இருமுறை போட்டால் ஆங்கிலத்தில் 'ஈ' ஆகிவிடும். நம் நெடில் 'ஏ'வைக் காட்ட அங்கே நேரான வழி கிடையாது. விமர்சனங்கள் குவிந்ததும் அதே மாதத்தில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஒலியை நம்பி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஆங்கில எழுத்துகளிடம் எடுபடவில்லை.

இனி அபாஸ்ட்ரஃபி. எழுத்துக்கு மேலே, தோளருகில் போடும் அந்தச் சின்னக் கமா. ஆங்கில நிறுத்தக்குறிகளில் அதிகச் சண்டை இதற்காகத்தான் நடக்கிறது. காரணம், இது முழுக்க முழுக்க ஓசையற்றது. கமாவுக்காவது வாய் கொஞ்சம் நிற்கும். கேள்விக்குறிக்குக் குரல் உயரும். அபாஸ்ட்ரஃபிக்கு எதுவும் கிடையாது.

'பாய்ஸ்' என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் என்றால் குறி வேண்டாம். ஒரு பையனுடைய என்றால் 'எஸ்'ஸுக்கு முன்னால் குறி. பையன்கள் பலருடைய என்றால் 'எஸ்'ஸுக்குப் பின்னால் குறி. மூன்றும் காதில் ஒன்றே. தமிழில் 'கள்' வேறு, 'உடைய' வேறு. பன்மையையும் உடைமையையும் குழப்ப வழியே இல்லை. ஆங்கிலம் இரண்டு வேலையையும் ஒரே 'ஸ்' ஒலியிடம் கொடுத்துவிட்டு, எந்த வேலை என்பதைச் சொல்லும் பொறுப்பை ஒரு புள்ளி அளவுக் குறியிடம் ஒப்படைத்திருக்கிறது. 'பாய்ஸ் ஹாஸ்டல்' என்று எழுத வேண்டிய பெயின்டர் என்ன செய்வார்? இலக்கணப்படி குறி 'எஸ்'ஸுக்குப் பின்னால். 'விமன்ஸ் காலேஜ்' என்றால் முன்னால், ஏனென்றால் 'விமன்' என்பது ஏற்கெனவே பன்மை. 'லேடீஸ்' என்றால் திரும்பவும் பின்னால். மூன்று பலகை எழுதுவதற்குள் இரண்டு விதி மாற வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5க்கு வரும் வாழ்த்து பேனர்களில் இந்தக் குறி மூன்று விதமாகவும் வருவதைப் பார்க்கலாம். ஆசிரியர்கள் பலருடைய தினம் என்பதால் குறி 'எஸ்'ஸுக்குப் பின்னால் வருவதே சரி. அன்னையர் தினத்தில் இது தலைகீழ். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் போராடிய அன்னா ஜார்விஸ், குறி 'எஸ்'ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்து அம்மாக்கள் எல்லோருக்குமான நாள் என்பது அவர் கருத்தில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு அம்மாவைக் கொண்டாட வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஒரு குறி நகர்ந்தால் அர்த்தம் எவ்வளவு நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 'வெட்டரன்ஸ் டே'க்கு அரசு எழுத்துக்கூட்டலில் குறியே கிடையாது.

இங்கிலாந்தில் காய்கறிக் கடைகளில் 'பொட்டேட்டோஸ்', 'டொமேட்டோஸ்', 'பனானாஸ்' என்று விலைப்பலகை எழுதும்போது 'எஸ்'ஸுக்கு முன்னால் தேவையில்லாத ஒரு குறியைப் போட்டுவிடுவார்கள். வெறும் பன்மைக்கு அந்தக் குறி தேவையில்லை. அதற்குக் 'காய்கறிக் கடைக்காரர் அபாஸ்ட்ரஃபி' என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. நம் ஊரில் 'போட்டோஸ்', 'வீடியோஸ்' என்று ஸ்டூடியோ பலகைகளில் வருவதும் இதுவேதான். இதில் ஒரு ஒழுங்கு இருப்பதைக் கவனியுங்கள். குறி அதிகம் ஒட்டிக்கொள்வது உயிரொலியில் முடியும் சொற்களில்தான். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில அச்சு நூல்களில், உயிரொலியில் முடியும் அயல் சொற்களுக்குப் பன்மை எழுதும்போது இந்தக் குறியைப் போடுவது ஏற்கப்பட்ட வழக்கம். டச்சு மொழியில் 'போட்டோ'வுக்குப் பன்மை இன்றைக்கும் அபாஸ்ட்ரஃபியோடுதான். அங்கே அதுவே இலக்கணம். காய்கறிக்காரர் கை எழுதும் குறிக்கு, அவருக்கே தெரியாத ஒரு பழைய பாரம்பரியம் இருக்கிறது.

அந்தக் குறியே ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அதன் வேலை ஒன்றுதான், விடுபட்ட எழுத்தைக் காட்டுவது. பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட 'இ, எஸ்' விகுதி இருந்தது. 'இ' ஒலி தேய்ந்து மறைந்ததும் அந்த இடத்தில் குறியைப் போட்டார்கள். பிறகு அது எல்லா உடைமைக்கும் பரவியது. பன்மை உடைமைக்கு 'எஸ்'ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ஆக, இன்று நாம் அசைக்க முடியாத விதி என்று நினைப்பதற்கு முந்நூறு வயதுகூட முழுதாக ஆகவில்லை.

படித்தவர்களையே அதிகம் கவிழ்ப்பது 'இட்ஸ்'. 'அது இருக்கிறது' என்றால் குறி வேண்டும். 'அதனுடைய' என்றால் குறி கூடாது. உடைமைக்குக் குறி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் போடாதே என்றால் பிள்ளை என்ன செய்யும்? 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்' எதற்கும் குறி கிடையாது, 'இட்ஸ்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிடித்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஆனால் 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் 'அதனுடைய' என்ற பொருளிலேயே குறியோடு அச்சாகியிருக்கிறது.

பிரிட்டனில் இந்தக் குறிக்காக உள்ளாட்சி அமைப்புகளும் மக்களும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். பர்மிங்காம் நகர மன்றம் 2009இல் தெருப் பலகைகளில் இனி அபாஸ்ட்ரஃபி கிடையாது என்று முடிவெடுத்தது. மிட் டெவன் 2013இல் அதே வழியில் போகப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. கேம்பிரிட்ஜில் 2014இல், இரவோடு இரவாக யாரோ மார்க்கர் பேனாவால் தெருப் பலகைகளில் குறிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். மன்றமும் முடிவை மாற்றிக்கொண்டது. 2024இல் வடக்கு யார்க்‌ஷயர் மன்றம் இதே அறிவிப்பைச் செய்தபோது ஹாரோகேட் நகரின் செயின்ட் மேரிஸ் வாக் தெருப் பலகையிலும் மார்க்கர் குறி முளைத்தது. மன்றங்கள் சொல்லும் காரணம் கம்ப்யூட்டர். முகவரித் தரவுத்தளத்தில் ஒரே தெரு குறியோடு ஒருமுறையும் குறியில்லாமல் ஒருமுறையும் பதிவானால் தேடல் குழம்பும் என்கிறார்கள். புத்தகக் கடை நிறுவனமான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012இல் தன் பெயரிலிருந்து குறியை நீக்கியபோது சொன்னதும் இணையத்துக்கு வசதி என்பதைத்தான்.

அமெரிக்க அரசின் புவியியல் பெயர் வாரியம் 1890இல் தொடங்கியதிலிருந்தே ஊர்ப் பெயர்களில் உடைமைக் குறியை ஏற்பதில்லை. மார்த்தாஸ் வின்யார்ட் தீவு உட்பட விரல் விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகளே உண்டு. லண்டன் சுரங்க ரயிலில் பிக்கடில்லி தடத்தில் ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். முதல் பெயரில் குறி உண்டு, இரண்டாவதில் இல்லை. இரண்டும் அதிகாரபூர்வமான எழுத்துகள்தான். ஹாரட்ஸ் கடைக்குக் குறி கிடையாது; செயின்ஸ்பரிஸ் கடைக்கு உண்டு. தினமும் இப்படிப் பார்த்துக்கொண்டு நடப்பவர் மனதில் எந்த விதி பதியும்?

ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இங்கிலாந்தின் பாஸ்டன் நகரில் அபாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். கடைக்காரர்களுக்குப் பொறுமையாகக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னவர். 2019 இறுதியில், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று வருத்தத்தோடு சங்கத்தை மூடினார். 2021இல் மறைந்தார். பிறகு இன்னொருவர் அதை எடுத்து நடத்துகிறார். ஒரு சின்னக் குறிக்காக அவ்வளவு காலம் உழைத்தவர் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அவருடைய தீர்ப்பை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒலி இல்லாத, அரசும் நிறுவனங்களும் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துகிற, முந்நூறு ஆண்டாகவே நிலைகொள்ளாத ஒரு குறியில் மக்கள் தடுமாறுவதற்கு சோம்பல் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது.

மேற்கோள் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. அழுத்திச் சொல்வதற்காகப் பலகைகளில் 'ஃப்ரெஷ்' என்பதற்கு இருபுறமும் மேற்கோள் குறி போடுகிறார்கள். எழுதியவர் கோடிட்டுக் காட்டுவதாக நினைக்கிறார். ஆங்கிலம் படிப்பவரோ 'ஃப்ரெஷ் என்று சொல்லிக்கொள்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்வார். மீன் கடைக்கு இது நல்லதில்லை. தடித்த எழுத்தோ வேறு நிறமோ போதும்.

அறியாமையால் வராத பிழைகளும் உண்டு. அவை தயாரிக்கும் முறையில் பிறப்பவை. கையால் பலகை எழுதியவர் ஒவ்வோர் எழுத்தாக வரைந்தார். யோசிக்க நேரம் இருந்தது. இப்போது ஃப்ளெக்ஸ். கடைக்காரர் போனில் சொல்கிறார், டிசைன் செய்பவர் காதில் விழுந்ததை டைப் அடிக்கிறார். நமக்கு 'பாம்பே பி'யும் 'பேப்பர் பி'யும் போனில் ஒன்றுதான், 'டெல்லி டி'யும் 'டீச்சர் டி'யும் ஒன்றுதான். எழுத்துகள் எல்லாம் கேப்பிடலில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டு முழுக்கக் கேப்பிடலில் உள்ள சொற்களைப் பிழை பார்க்காமல் விட்டுவிடும்படிதான் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. மாதிரி வாட்ஸ்அப்பில் வந்ததும் கடைக்காரர் போன் நம்பரைப் பார்க்கிறார், சாமி படத்தைப் பார்க்கிறார், 'ஓகே' போடுகிறார். அத்தனை பெரிய எழுத்தில் தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கண் பெரிய எழுத்தைப் படிப்பதில்லை, அடையாளம் கண்டுகொண்டு கடந்துவிடுகிறது.

2010இல் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில், ஒரு பள்ளிக்கு முன்னால் சாலையில் ஆள் உயரத்துக்கு 'ஸ்கூல்' என்று எழுதினார்கள். 'சி'யும் 'ஹெச்'சும் இடம் மாறிவிட்டன. எழுத்தின் மேலேயே நின்று வேலை செய்பவருக்குச் சொல் முழுதாகத் தெரியாது. சிறிய எழுத்திலும் இதே கதிதான். ஆஸ்திரேலியா 2018 அக்டோபரில் வெளியிட்ட புதிய 50 டாலர் நோட்டில், அந்நாட்டில் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணான ஈடித் கோவனின் உரை பூதக்கண்ணாடியில் மட்டும் தெரியும் எழுத்தில் அச்சானது. அதில் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற சொல்லில் ஓர் 'ஐ' விட்டுப்போயிருந்தது. 4.6 கோடி நோட்டுகள் புழக்கத்துக்குப் போன பிறகு, 2019 மே மாதம்தான் அது வெளியே தெரிந்தது. பொறுப்பு என்ற சொல்லிலேயே விட்டார்களே என்று பலரும் பேசினார்கள். ஆனால் நோட்டின் மதிப்புக்கு எந்தக் கேடும் வரவில்லை.

கேடு வரும் இடங்கள் வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பிழையையும் ஒரே மாதிரி திட்டுவதுதான் நம் தவறு.

பிரிட்டனின் நிறுவனப் பதிவகம் 2009இல் 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஓர் 'எஸ்' கூடிப்போய், கார்டிஃபில் நன்றாக நடந்துகொண்டிருந்த 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற பழமையான பொறியியல் நிறுவனத்தின் பெயரில் பதிவானது. சில நாட்களில் திருத்தினார்கள். ஆனால் அதற்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் செய்தி போய்விட்டது. பொருள் கொடுத்தவர்கள் கடன் தர மறுத்தார்கள். வாடிக்கையாளர்கள் விலகினார்கள். இரண்டு மாதத்தில் நிறுவனம் சரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் வேலை செய்த இடம். 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம் பதிவகம்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.  

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கமா ஒன்று நீதிமன்றம் ஏறியது. அங்கே ஓவர்டைம் கூலி பெற முடியாத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது: டப்பாவில் அடைத்தல், பதப்படுத்துதல், உறைய வைத்தல் என்று நீண்டு, கடைசியில் 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ மூட்டை கட்டுதல்' என்பதுபோல் முடிகிறது. 'அனுப்புவதற்கு' என்பதற்குப் பிறகு கமா இல்லை. கமா இருந்தால், மூட்டை கட்டுதல் ஒரு வேலை, விநியோகித்தல் தனி வேலை. கமா இல்லாததால், விநியோகத்துக்காக மூட்டை கட்டுதல் என்று ஒரே வேலையாகவும் படிக்கலாம். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் விநியோகம் செய்தார்கள், மூட்டை கட்டவில்லை. ஆகவே விதிவிலக்கு எங்களுக்குப் பொருந்தாது, ஓவர்டைம் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவாக இல்லை என்றது. தெளிவில்லாத இடத்தில் தொழிலாளிக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இத்தனைக்கும் அந்தக் கடைசிக் கமா, போட்டாலும் விட்டாலும் இலக்கணப் பிழை ஆகாத ஒன்று. பிறகு மெய்ன் சட்டமன்றம் அந்த வரிசையில் கமாக்களுக்குப் பதில் அரைப்புள்ளிகளைப் போட்டுத் திருத்தியது.

நம் ஊரில் இதற்கு இணையான இடம், பெயர்கள். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் என்று எதுவும் கிடையாது. லட்சுமிக்குக் 'கே, எஸ், ஹெச்' போடுவாரும் உண்டு, 'எக்ஸ்' போடுவாரும் உண்டு. 'தி'க்கு 'டி' மட்டும் போதுமா, 'டி, ஹெச்' வேண்டுமா? கடைசியில் 'ஏ' ஒன்றா, இரண்டா? இனிஷியல் முன்னாலா, பின்னாலா, விரித்தா? பள்ளியில் சேர்க்கும்போது எழுதுபவர் ஒரு விதம், ஆதார் எடுப்பவர் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம். எல்லோரும் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறார்கள், எல்லாமே ஒலிக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போகும்போது நான்கு ஆவணத்தில் நான்கு ஆளாக நிற்க வேண்டியிருக்கிறது. அதை ஒன்றாக்க உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு என்று அலைந்து தீர்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் சம்பளம்.

ஆகவே திருத்தும் ஆர்வம் உள்ளவர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரை வாய்விட்டு வாசிக்காமல் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்பு பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளி அனுப்பும்போது இன்னொரு முறை பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஏறும் எழுத்துகள்தான் பிற்பாடு பல இடங்களில் சான்றாகக் கேட்கப்படும். அதற்கு முன்னால் திருத்துவது அதற்குப் பின்னால் திருத்துவதைவிடப் பல மடங்கு சுலபம்.